கம்யூனிட்டி காலேஜ் நர்சிங்: பாடத்தில் சேரும் முன் புள்ளித் தாளைப் படியுங்கள்

அமெரிக்காவில் ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆவதற்கு நான்கு வருடப் பட்டம் கட்டாயமில்லை. கம்யூனிட்டி காலேஜில் ஏடிஎன் என்ற அசோசியேட் டிகிரி முடித்தவரும், பல்கலைக்கழகத்தில் பிஎஸ்என் என்ற நான்கு வருடப் பட்டம் முடித்தவரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வு. வாங்குவது ஒரே லைசென்ஸ். 1951-ல் மில்ட்ரெட் மான்டேக் என்பவர் தன் முனைவர் ஆய்வில் முன்வைத்த யோசனை இது. அடுத்த வருடமே சில கல்லூரிகளில் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து இதற்கு "இரண்டு வருடப் படிப்பு" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். நர்சிங் வகுப்புகள் மட்டும்தான் இரண்டு வருடம். அதற்கு முன் முடிக்க வேண்டிய ப்ரீரெக் பாடங்களுக்கு ஒரு வருடம், வேலையோ குழந்தையோ இருந்தால் இரண்டு வருடம்கூட ஆகும். பிறகு விண்ணப்பித்து, இடம் கிடைத்து, வகுப்பு தொடங்கும் வரை காத்திருப்பு வேறு.

இந்தியாவில் பி.இ. முடித்துவிட்டு, இங்கே வந்து தொழில் மாற நினைக்கும் நம்மவர்கள் பலர் முதலில் செய்வது, பக்கத்துக் காலேஜில் ஏதாவது ஒரு பயாலஜி வகுப்பில் சேர்வது. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நீங்கள் காரில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் எல்லாக் கம்யூனிட்டி காலேஜ்களின் நர்சிங் பக்கத்தையும் திறந்து, தேர்வு முறையையும் புள்ளிக் கணக்கையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடத்தை, எந்த வரிசையில், எங்கே படிப்பது என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று விதமான வாசல்

தேர்வு முறை பொதுவாக மூன்று வகை. புள்ளிக் கணக்கு, குலுக்கல், காத்திருப்போர் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் உத்தி வேறு.

குலுக்கல் என்றால், குறைந்தபட்சத் தகுதி இருக்கும் எல்லோர் பெயரும் ஒரே பெட்டிக்குள். ஏ கிரேடும் சி கிரேடும் அங்கே சமம். விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் ஒவ்வொரு முறையும் போடுவதும், இதே முறை உள்ள வேறு காலேஜ்களுக்கும் சேர்த்துப் போடுவதும்தான் உங்கள் கையில் இருப்பவை. காத்திருப்போர் பட்டியலில் தேதிதான் ராஜா. கடைசி ப்ரீரெக் பாடத்தின் கிரேடு வந்த மறுநாளே விண்ணப்பிப்பவர், அடுத்த மாதம் விண்ணப்பிப்பவரை முந்துகிறார்.

புள்ளிக் கணக்கில்தான் ஒவ்வொரு கிரேடுக்கும் எடை உண்டு. கலிபோர்னியாவில் பல காலேஜ்கள் இந்த முறையைப் பின்பற்றுகின்றன. அறிவியல் பாடங்களின் ஜிபிஏ என்ற கிரேடு சராசரி, நுழைவுத் தேர்வு மதிப்பெண், ஏற்கெனவே இருக்கும் பட்டம், மருத்துவத் துறை வேலை அனுபவம், வாழ்க்கைச் சூழல் என்று பிரித்துப் புள்ளி போடுவார்கள். ஆங்கிலம் தவிர வேறு மொழி தெரிந்திருப்பதற்கும் அங்கே புள்ளி உண்டு. இந்தியத் துணைக்கண்ட மொழிகளும் அந்தப் பட்டியலில் வரும். வீட்டில் பேசும் தமிழ் இப்படி ஒரு புள்ளியாக வந்து உதவும் என்று யாரும் நினைப்பதில்லை, ஆனால் அதை நிரூபிக்கும் முறை காலேஜுக்குக் காலேஜ் மாறும். சில இடத்தில் பள்ளிச் சான்றிதழ் போதும், சில இடத்தில் தேர்வு எழுதச் சொல்வார்கள்.

அந்தத் தாளில் சிறிய எழுத்தில் இருப்பவற்றில்தான் பலர் சறுக்குகிறார்கள். நான்கு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, பாடத்தின் வயது: அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். இரண்டு, திரும்பப் படித்த பாடம்: உயர்ந்த கிரேடை எடுப்பார்களா, முதல் கிரேடையா, இரண்டின் சராசரியையா? பாதியில் விலகி வாங்கிய டபிள்யூவையும் ஒரு முயற்சியாக எண்ணும் காலேஜ்கள் உண்டு. மூன்று, லேப்: ஆன்லைன் லேபை ஏற்பார்களா? நான்கு, விண்ணப்பிக்கும் நாளில் எல்லாப் பாடமும் முடிந்திருக்க வேண்டுமா, நடந்துகொண்டிருந்தால் போதுமா?

காலேஜ் நல்லதா என்று பார்க்க அலங்காரமான இணையதளம் உதவாது. மாநில நர்சிங் போர்டின் தளத்துக்குப் போங்கள். அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகளின் பட்டியல் அங்கே இருக்கும். பல போர்டுகள் ஒவ்வொரு கல்லூரியின் என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதத்தையும் வருடவாரியாகப் போடுகின்றன. போர்டு அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் தேர்வே எழுத முடியாது. அதற்கு மேல் ஏசிஇஎன் போன்ற தேசிய அங்கீகாரமும் இருந்தால், பின்னால் பிஎஸ்என் சேரும்போது சிக்கல் குறையும். "ப்ரீரெக் வேண்டாம், சீக்கிரம் முடிக்கலாம், பணத்தை மட்டும் கட்டுங்கள்" என்பவர்களிடமிருந்து விலகி இருங்கள். 2023 ஜனவரியில் புளோரிடாவைச் சேர்ந்த மூன்று பள்ளிகளின் பெயரில் ஏறக்குறைய 7,600 போலி நர்சிங் டிப்ளமோக்கள் விற்கப்பட்டதை அமெரிக்க அரசு வெளிக்கொண்டுவந்தது. அதில் வாங்கியவர்களின் லைசென்ஸும் சிக்கலுக்குள்ளானது.

இந்தியப் பட்டமும் விசாவும்

நம்மூர் மார்க் ஷீட்டை நேரடியாக வாங்கிக்கொள்ள மாட்டார்கள். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பான நேசஸில் உறுப்பினராக உள்ள டபிள்யூஇஎஸ், இசிஇ போன்ற நிறுவனம் ஒன்றின் மதிப்பீடு வேண்டும். அதிலும் பாடவாரியான மதிப்பீடு கேட்க வேண்டும். மொத்தப் பட்டத்தை மட்டும் மதிப்பிடும் மலிவான அறிக்கை இதற்கு உதவாது. மார்க் ஷீட்டைப் பல்கலைக்கழகமே உறையில் சீல் வைத்தோ மின்னணு வழியிலோ அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால், ஊரில் ஒருவர் நேரில் போய் அலைய வேண்டி வரும். இதற்குச் சில மாதம் ஒதுக்குங்கள். பட்டம் ஏற்கப்பட்டால் பொதுக்கல்விப் பாடங்களில் சலுகை கிடைக்கலாம். ஆனால் அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றையும் இங்கேயே படித்தாக வேண்டும் என்றே எதிர்பாருங்கள்.

எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருப்பவர், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறாமலே முழுநேரம் படிக்கலாம். பல மாநிலங்களில் குடியிருப்பு நிபந்தனையைப் பூர்த்தி செய்தால் உள்ளூர்க் கட்டணமும் கிடைக்கும்; கலிபோர்னியாவில் அது யூனிட்டுக்கு 46 டாலர். எஃப்-1 மாறினால் பொதுவாக வெளியார் கட்டணம், அது பல மடங்கு. ஃபாஃப்சா என்ற கல்வி உதவி விண்ணப்பத்தின் வழியாக வரும் பெல் கிரான்ட் போன்ற அரசு உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், வேறு சில குறிப்பிட்ட பிரிவினருக்கும்தான். எச்-4க்கு இல்லை.

சிக்கல் படிப்பு முடிந்த பிறகு வருகிறது. நர்சிங் ஒப்பந்தத்தில் சேர்ந்த எல்லா மாநிலங்களிலும் செல்லும் மல்டிஸ்டேட் லைசென்ஸுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அந்த ஒப்பந்தத்திலேயே இல்லை. கலிபோர்னியா தன் லைசென்ஸுக்கு ஐடிஐஎன் என்ற வரி எண்ணை ஏற்கிறது, மற்ற மாநில விதியை அந்தந்த போர்டிடம் கேட்க வேண்டும். லைசென்ஸ் வந்தாலும் வேலை பார்க்க இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு பேச்சலர் டிகிரி கட்டாயமில்லை என்பதால் எச்-1பி பொதுவாகக் கிடைப்பதில்லை. நர்ஸ்களுக்கு ஷெட்யூல் ஏ என்று ஒரு வழி இருக்கிறது. பெர்ம் என்ற தொழிலாளர் துறைச் சான்று இல்லாமல் நிறுவனம் நேரே கிரீன் கார்டுக்கு மனு போடலாம். ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை நீளம் நீங்கள் அறிந்ததே. வேலை அனுமதி எப்போது வரும் என்ற கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு மூன்று வருடப் படிப்பில் இறங்குவது நல்லது.

ப்ரீரெக்: இங்கேதான் இடம் தீர்மானமாகிறது

அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, இங்கிலீஷ் காம்போசிஷன் நான்கும் ஏறக்குறைய எங்கும் உண்டு. புள்ளியியல், வளர்ச்சி உளவியல், அடிப்படை வேதியியல் ஆகியவை காலேஜைப் பொறுத்தவை. சில காலேஜில் அனாட்டமியும் பிசியாலஜியும் தனித்தனிப் பாடம். சிலவற்றில் ஏ அன்ட் பி ஒன்று, இரண்டு என்று கலந்து வரும். முதல் பாதியை ஒரு முறையில் ஓரிடத்திலும், அடுத்த பாதியை இன்னொரு முறையில் வேறிடத்திலும் படித்தால் நடுவில் சில உறுப்பு மண்டலங்கள் விட்டுப்போகும். அந்தக் கலவையை ஏற்காத காலேஜ்கள் பல. ஜோடியை ஒரே இடத்தில் முடியுங்கள்.

ஒரே செமஸ்டரில் அனாட்டமியையும் மைக்ரோபயாலஜியையும் சேர்த்து எடுத்து இரண்டிலும் பி வாங்குவதைவிட, ஒன்றை மட்டும் எடுத்து ஏ வாங்குவது லாபம். நான்கு யூனிட் பாடம் ஒன்றுக்கு வகுப்பும் லேபும் போக வாரம் பன்னிரண்டு மணி நேரம் வீட்டில் தேவைப்படும். கோடைக்கால வகுப்பு ஆறு அல்லது எட்டு வாரத்தில் முடிந்துவிடும். அதே பாடம், இரட்டை வேகம். பள்ளியில் பயாலஜி படிக்காதவர் கோடையில் அனாட்டமி எடுக்க வேண்டாம்.

அனாட்டமியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் லேப் பிராக்டிகலில். மேசைக்கு மேசை மாதிரியும் ஸ்லைடும் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம்தான் தருவார்கள். பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுத வேண்டும். இடதா வலதா என்பதும் சேர்த்துத்தான். புத்தகப் படத்தை மட்டும் பார்த்துப் படித்தவருக்கு நிஜ எலும்பைத் திருப்பி வைத்தால் அடையாளம் தெரியாது. திறந்த லேப் நேரத்தில் போய், அனுமதி இருந்தால் மாதிரிகளை நான்கு கோணத்தில் படம் எடுத்து, அதிலிருந்து உங்கள் சொந்த அட்டைகளைத் தயாரியுங்கள். அட்டையைப் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொள்வது போதாது, கையால் எழுதிப் பார்க்க வேண்டும். பிசியாலஜிக்கு இந்த மனப்பாட முறை உதவாது. ரத்த அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் என்ன செய்கிறது என்பதை ரெனினிலிருந்து ஆல்டோஸ்டிரோன் வரை வெற்றுத் தாளில் அம்புக்குறி போட்டு வரைய வரவேண்டும். பின்னால் மருந்தியல் வகுப்பில் லிசினோப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்து வரும்போது அதே படம்தான் கைகொடுக்கும்.

டீஸ் தேர்வு

நுழைவுத் தேர்வாகப் பெரும்பாலும் ஏடிஐ டீஸ் அல்லது ஹெசி ஏ2. டீஸ் ஏழாம் பதிப்பு 2022 ஜூனிலிருந்து நடப்பில் இருக்கிறது. மொத்தம் 170 கேள்விகள், 209 நிமிடம். வாசிப்பு 45 கேள்விக்கு 55 நிமிடம், கணக்கு 38க்கு 57, அறிவியல் 50க்கு 60, ஆங்கிலம் 37க்கு 37. இதில் 20 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் எவை என்று சொல்ல மாட்டார்கள். தவறான விடைக்குக் கழிவு இல்லை. எதையும் காலியாக விடாதீர்கள். கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் தேர்ச்சி 62 சதவீதம். அது வாசலைத் தாண்டத்தான் போதும், புள்ளி வாங்க அதைவிட அதிகம் வேண்டும்.

பொறியியல் படித்தவர் கணக்கை அலட்சியமாக விட்டு அவுன்ஸிலும் பவுண்டிலும் மாட்டிக்கொள்வார். ஒரு டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15, அவுன்ஸ் 30, ஒரு கிலோ 2.2 பவுண்டு. இவை டீஸோடு முடியாமல் கடைசி வரை கூடவே வரும். அறிவியலில் அதிகப் பங்கு உடலியலுக்கு என்பதால், அனாட்டமியும் பிசியாலஜியும் முடித்த சூட்டோடு எழுதுவது சரியான நேரம். முதல் தேர்ச்சி மதிப்பெண்ணையே கணக்கில் எடுக்கும் காலேஜ்கள் உண்டு. "சும்மா ஒரு முறை எழுதிப் பார்ப்போம்" என்பது அங்கே செல்லாது. பயிற்சித் தேர்வில் இலக்கைத் தொட்ட பிறகு பணம் கட்டுங்கள்.

வேலை அனுபவப் புள்ளிக்காகவும், சில இடங்களில் கட்டாயமாகவும் சிஎன்ஏ என்ற நர்சிங் உதவியாளர் சான்றிதழ் வரும். மத்திய அரசின் குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம், கலிபோர்னியாவில் 160. புள்ளி தராத காலேஜாக இருந்தாலும் இதை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. படுக்கையில் இருப்பவரைத் துடைத்துவிடவும், மலம் கழித்த துணியை மாற்றவும் முடியுமா என்பதை மூன்று செமஸ்டர் படித்த பிறகு கண்டுபிடிப்பதைவிட முன்னமே தெரிந்துகொள்வது மலிவு.

இடம் கிடைத்த பிறகு ஓட முடியாத ஓட்டம்

சேர்க்கைக் கடிதம் வந்ததும் தடுப்பூசிப் பட்டியல் வரும். அப்போதுதான் தொடங்கினால் நேரம் போதாது. ஹெபடைட்டிஸ் பி மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். கடைசி ஊசிக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து உடலில் எதிர்ப்பு சக்தி உருவானதா என்று பார்க்கும் டைட்டர் ரத்தப் பரிசோதனை. ஆக ஏழெட்டு மாதம். டைட்டர் 10க்குக் கீழே வந்தால் மறுபடி ஊசி. ஹெப்லிசாவ்-பி என்ற ஊசி ஒரு மாத இடைவெளியில் இரண்டே தவணை, அதைக் கேட்டுப் பார்க்கலாம். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் இரண்டு, சின்னம்மை இரண்டு. ஊரில் சின்னம்மை வந்துபோனது என்ற வாய்வார்த்தையைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், டைட்டர்தான் சான்று. டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவானுக்கான டிடாப் பத்து வருடத்துக்குள், ஃப்ளூ ஊசி வருடந்தோறும்.

காசநோய்ப் பரிசோதனைதான் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தோல் பரிசோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். குவான்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனையை பிசிஜி பாதிப்பதில்லை. முதலிலேயே அதைக் கேளுங்கள். தோல் பரிசோதனை என்றால் இரண்டு கட்டம், ஒவ்வொன்றையும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடி போய்க் காட்ட வேண்டும். எம்எம்ஆர், சின்னம்மை ஊசிகளும் டிபி பரிசோதனையும் ஒரே நாளில் இருக்கலாம். ஊசி முதலில் போட்டுவிட்டால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ் என்றால் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளுறைந்த தொற்று என்றால் இடம் பறிபோகாது, மருத்துவரிடம் தொடர்ந்து பேசினால் போதும்.

போதைப்பொருள் சோதனைக்கு முந்தைய சில நாள் கசகசா சேர்த்த குருமாவையும் பாயசத்தையும் தவிருங்கள். அதில் மார்ஃபின் தடயம் இருக்கும், சிறுநீரில் காட்டக்கூடும். கஞ்சா மாநிலத்தில் சட்டபூர்வம் என்ற வாதம் மருத்துவமனையில் எடுபடாது. சிபிஆருக்கு அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) ப்ரொவைடர் அட்டைதான் பொதுவாகக் கேட்பார்கள். இரண்டு வருடம் செல்லும். முழுக்க ஆன்லைனில் கிடைக்கும் சான்றிதழுக்குக் கொடுத்த பணம் வீண்.

உடை விதிகளையும் கையேட்டில் முன்பே படியுங்கள். வளையல், தொங்கட்டான், நகப்பூச்சு கிடையாது. மூக்குத்திக்கு இடத்துக்கு இடம் விதி. தாலிச் சங்கிலி ஸ்க்ரப் எனும் சீருடைக்கு வெளியே தொங்கினால் நோயாளி இழுக்கவும், கிருமி ஒட்டவும் வாய்ப்பு உண்டு. அதை எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று முதல் வாரமே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

முதல் செமஸ்டர்

பள்ளியில் முதலிடம் வாங்கியவரும் இங்கே முதல் தேர்வில் எழுபது வாங்கித் திகைப்பார். நான்கு விடையும் சரியாக இருக்கும்; எதை முதலில் செய்வாய் என்பதே கேள்வி. மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்ற வரிசையும், செயலில் இறங்குமுன் நோயாளியை மதிப்பிடு என்ற பழக்கமும் பிடிபட வேண்டும். தேர்ச்சி பெரும்பாலும் 75 அல்லது அதற்கு மேல், 74.9ஐ உயர்த்திப் போட மாட்டார்கள். இரண்டு நர்சிங் பாடத்தில் தோற்றால் வெளியேற்றம் என்பது பரவலான விதி. தேர்வு முடிந்ததும் தவறிய ஒவ்வொரு கேள்வியையும் பிரித்துப் பாருங்கள்: பாடம் தெரியாமல் போனதா, கேள்வியைத் தப்பாகப் படித்ததா, இரண்டு விடைக்கு நடுவே மாற்றியதா? மூன்றாவது வகையில் அதிகம் போகிறவருக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் படிப்பது பயன் தராது. விளக்கத்தோடு வரும் பயிற்சிக் கேள்விகள்தான் தரும்.

மருந்தளவுக் கணக்குத் தேர்வில் 90 அல்லது 100 சதவீதம் கேட்பார்கள். கணக்கு எளிதுதான். 500 மில்லியில் 25,000 யூனிட் ஹெப்பரின் இருக்கிறது, மணிக்கு 1,200 யூனிட் போக வேண்டும் என்றால், மில்லிக்கு 50 யூனிட், ஆக மணிக்கு 24 மில்லி. 1,000 மில்லி திரவம் எட்டு மணி நேரத்தில், மில்லிக்கு 15 சொட்டு விழும் குழாயில் என்றால், மணிக்கு 125 மில்லி, நிமிடத்துக்கு 31 சொட்டு. தோல்வி வருவது முழு எண்ணாக்கும் விதியிலும் எழுதும் முறையிலும். 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட வேண்டும், 5.0 என்று பின்னால் போடக்கூடாது. புள்ளி கண்ணில் படாவிட்டால் 50 ஆகிவிடும் அல்லவா.

கிளினிக்கல் எனும் மருத்துவமனைப் பயிற்சி நாட்கள் காலை ஆறரைக்கே தொடங்கும், பன்னிரண்டு மணி நேரம்கூட நீளும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதாது. அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். சில மணி நேர வருகை குறைந்தாலே பாடம் போய்விடும். வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வெளிவேலை வைத்துக்கொண்டு தாக்குப்பிடிப்பவர்கள் அபூர்வம். டாக்டருக்கு போன் செய்து நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற எஸ்பார் வரிசையில் ஒரு நிமிடத்துக்குள் சொல்வதை வீட்டிலேயே சத்தமாகப் பழகுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் போனில் சுற்றி வளைப்பார்கள்.

பட்டம் வாங்கியதும் போர்டுக்கு விண்ணப்பம், தேர்வை நடத்தும் பியர்சன் வியூவுக்கு 200 டாலர், பிறகு ஏடிடி என்ற தேர்வு அனுமதி. 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய என்கிளெக்ஸில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்வி, ஐந்து மணி நேரம். தேர்வு மையத்தில் ஏடிடியில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் வைத்த பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறிய பெயர், விசாவில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்த பெயர் எல்லாம் அந்த மேசையில்தான் பிரச்சினையாகும். காலேஜில் முதல் பாடத்துக்குப் பதியும் நாளிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து, டிரைவிங் லைசென்ஸ், காலேஜ் பதிவு, பிஎல்எஸ் அட்டை, தடுப்பூசிப் பதிவு எல்லாவற்றிலும் அதையே போடுங்கள்.